‘நான்’ எத்தனை, ‘நாங்கள்’ எத்தனை: அரசியல் பேச்சைக் கணினி எண்ணும்போது எல்லை ஊர்களில் என்ன ஆகிறது?

தேர்தல் நெருங்கினால் ஒரு வகைச் செய்தி தவறாமல் வந்துவிடும். ஒரு வண்ணப் படம். ஒரு பக்கம் ஆண் தலைவர்கள் அதிகம் சொன்ன சொற்கள், மறுபக்கம் பெண் தலைவர்கள் அதிகம் சொன்ன சொற்கள். அதிகம் வந்த சொல் பெரிய எழுத்தில் இருக்கும். கீழே ஒரு வரி: ‘பெண்கள் உணர்ச்சியைப் பேசுகிறார்கள், ஆண்கள் கணக்கைப் பேசுகிறார்கள், கணினி ஆய்வில் தெரியவந்தது.’

கேரளத்தில் தமிழ் பேசும் ஊர்களான மூணாறிலோ கொழிஞ்சாம்பாறையிலோ இருந்து இதைப் பார்க்கிறவருக்கு முதலில் எழும் சந்தேகம் எளியது. எந்தப் பேச்சை எண்ணினார்கள்? இங்கே ஒரே வேட்பாளர் காலையில் மலையாளத்தில் பேசுவார், எஸ்டேட் பக்கம் ஏறியதும் தமிழுக்கு மாறுவார், ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பார். அந்தச் சந்தேகம் மிகச் சரியானது. படிப்படியாகப் பார்ப்போம்.

கணினி உண்மையில் செய்வது என்ன?

உரைப் பகுப்பாய்வு என்ற பெயர் பெரிதாக இருந்தாலும் அடிப்படை வேலை எண்ணுவதுதான்.

1. பேச்சுகளை எழுத்தாக்கி ஒரு கோப்பில் சேர்ப்பார்கள். இதுதான் உரைத்தொகுப்பு.

2. அதைச் சொல் சொல்லாக வெட்டுவார்கள். ஆங்கிலத்தில் இடைவெளி கண்ட இடத்தில் வெட்டினால் பெரும்பாலும் போதும். தமிழில் ‘பெண்களுக்காகத்தான்’ என்பது ஒரே துண்டாக வரும். பெண், பெண்கள், பெண்களுக்கு, பெண்களையும் எல்லாம் கணினிக்குத் தனித்தனிச் சொற்கள். உருபுகளைக் கழித்து வேர்ச்சொல்லைப் பிடிக்கத் தனியாக ஒரு நிரல் வேண்டும்.

3. ஒவ்வொரு சொல்லும் எத்தனை தடவை வந்தது என்று எண்ணி, ஆயிரம் சொல்லுக்கு இத்தனை என்று மாற்றுவார்கள். ஒருவர் 3,000 சொற்கள் பேசி ‘நான்’ என்று 24 தடவை சொல்கிறார், இன்னொருவர் 800 சொற்கள் பேசி 8 தடவை சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் முதல் ஆள் அதிகம். விகிதத்தில் முதல் ஆளுக்கு ஆயிரத்துக்கு 8, இரண்டாம் ஆளுக்கு 10. மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டும் படத்தை அப்படியே ஒதுக்கிவிடலாம்.

4. இரண்டு குழுக்களையும் ஒப்பிட்டு, எந்தச் சொல் எந்தப் பக்கம் சாய்கிறது, அந்தச் சாய்வு தற்செயலாக வந்திருக்க முடியுமா என்று புள்ளியியல் கணக்குப் போடுவார்கள்.

இதற்கு மேல் வருவதெல்லாம், அதாவது ‘உணர்ச்சி’, ‘தன்னம்பிக்கை’, ‘ஆண்மைப் பாணி’ என்று பெயர் வைப்பதெல்லாம், மனிதர்கள் சொல்லும் பொருள். கணினி சொல்வது இல்லை.

‘ஆண் சொல், பெண் சொல்’ என்ற விதி எங்கிருந்து வந்தது?

2000களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தேசிய உரைத்தொகுப்பிலிருந்து எடுத்த ஆங்கில ஆவணங்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. எழுதியவர் ஆணா பெண்ணா என்று நிரல் சுமார் 80 விழுக்காடு சரியாகச் சொன்னது. பெண்கள் எழுத்தில் ‘நான், நீ, அவள்’ போன்ற சுட்டுப்பெயர்கள் கூடுதல். ஆண்கள் எழுத்தில் ‘தி’, ‘எ’ போன்ற பெயருக்கு முன் வரும் குட்டிச் சொற்கள் கூடுதல். 2008இல் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கில உரைகளை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வும் ஏறக்குறைய இதே திசையைக் காட்டியது. ஆனால் அந்த வேறுபாடுகள் சராசரியில் சிறியவை. ஒரு பெண்ணின் பேச்சைத் தனியாக எடுத்தால் அது ஆண் சராசரியைத் தாண்டியும் விழலாம். வண்ணப் படங்களில் இந்தச் ‘சிறியவை’ மட்டும் எப்படியோ உதிர்ந்துபோகும்.

இந்த விதிகளுக்கு இன்னொரு பழைய மறுப்பும் உண்டு. ‘பெண் மொழி’ என்று ஒன்று இருக்கிறது, தயங்கித் தயங்கிப் பேசுவது அதன் அடையாளம் என்ற கருத்து 1970களில் பரவியது. வில்லியம் ஓபார், போமன் அட்கின்ஸ் என்ற இருவர் அமெரிக்க நீதிமன்றச் சாட்சிகளின் பேச்சைக் கேட்டு 1980இல் எழுதியது வேறு. தயக்கச் சொற்கள் பதவியும் படிப்பும் குறைந்த ஆண்களிடமும் நிறைய இருந்தன. நிபுணராகச் சாட்சி சொல்ல வந்த பெண்களிடம் குறைவு. அதைப் பெண் மொழி என்பதைவிட அதிகாரமற்றவர் மொழி என்பது பொருத்தம் என்றார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

‘நான்’ சொல்லாமல் ‘நான்’ சொல்வது

சரி, ஆங்கில விதியை எல்லைக்குக் கொண்டுவருவோம். ‘தி’, ‘எ’ தமிழில் கிடையாது. மலையாளத்திலும் தெலுங்கிலும் கிடையாது. ஆண் அடையாளம் என்று பெயர் வாங்கிய பாதி அங்கேயே காலி. மிச்சம் இருப்பது ‘நான்’.

தமிழில் ஒரு வேட்பாளர் பேசுகிறார்: ‘மூன்று பாலம் கட்டினேன். ரோடு போட்டேன். தண்ணீர் கொண்டுவந்தேன்.’ இதில் ‘நான்’ ஒன்றுகூட இல்லை. ஆனால் ‘ஏன்’ விகுதி மூன்று இருக்கிறது, கேட்கிற எவருக்கும் மூன்று தடவை ‘நான்’ என்று விழும். கணினி ‘நான்’ என்ற சொல்லை மட்டும் தேடினால் விடை பூஜ்யம்.

மலையாளத்தில் இந்த விகுதிகள் இல்லை. ‘ஞான் செய்து, நீ செய்து, அவள் செய்து, ஞங்ஙள் செய்து’: வினை மாறவே மாறாது. நம் காதுக்கு எல்லாம் வினையெச்சம் மாதிரி ஒலிக்கும். யார் செய்தது என்று தெரியவேண்டுமானால் ‘ஞான்’ என்று வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். சூழல் தெளிவாக இருந்தால் விட்டுவிடலாம், ஆனால் தமிழ் அளவுக்கு விட முடியாது. தெலுங்கு நம் பக்கம்: ‘சேசானு’ என்றாலே நான் செய்தேன், ‘சேசாமு’ என்றால் நாங்கள் செய்தோம். ஆந்திர எல்லையில் நகரியிலும் சத்தியவேட்டிலும் தமிழையும் தெலுங்கையும் மாற்றி மாற்றிப் பேசுகிறவர்களுக்கு இந்த இடத்தில் கணக்குப் பிசகாது. கேரள எல்லையில் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் பிசகும்.

விளைவைப் பாருங்கள். ஒரு தொகுதியில் ஆண் வேட்பாளர் பெரும்பாலும் மலையாளத்தில் பேசுகிறார், பெண் வேட்பாளர் தமிழில் பேசுகிறார். எண்ணினால் ஆணிடம் ‘ஞான்’ கொட்டிக் கிடக்கும், பெண்ணிடம் ‘நான்’ அருகியிருக்கும். ‘ஆண் தன்னையே முன்னிறுத்துகிறார், பெண் தன்னை மறைத்துக்கொள்கிறார்’ என்று தலைப்பு வந்துவிடும். அங்கே பேசியது இரண்டு மொழிகளின் இலக்கணம். ஆளை மாற்றிப் போட்டால் தலைப்பும் தலைகீழாகும்.

விகுதியையும் சேர்த்து எண்ணலாமே என்றால், எண்ணலாம். ஆனால் ‘ஏன்’ ஒலியில் முடிவதெல்லாம் வினை இல்லை. ‘தேன்’ இருக்கிறது, ‘ஏன்’ என்ற கேள்வியே இருக்கிறது. மேடைப் பேச்சை உள்ளபடி எழுதினால் ‘செஞ்சேன்’, ‘போட்டேன்’, ‘சொல்லிருக்கேன்’ என்று வடிவங்கள் பெருகும். முறையான இலக்கணப் பகுப்பு நிரல் இல்லாமல் இதைச் சாதிக்க முடியாது.

மலையாளப் பக்கத்தில் எழுத்து அளவிலேயே ஒரு குழி உண்டு. ‘ஞான்’ என்ற சொல் அங்கே ‘சில்லு’ என்று சொல்லும் தனி எழுத்தில் முடிகிறது. 2008க்கு முன் சில்லு எழுத்துகளை மூன்று குறியீடுகளைச் சேர்த்துத்தான் யுனிகோடில் (கணினி எழுத்துக் குறியீட்டு முறையில்) எழுதினார்கள். 2008இல் வந்த யுனிகோட் 5.1 ஒவ்வொரு சில்லுக்கும் தனிக் குறியீடு கொடுத்தது. பழைய கோப்பும் புதிய கோப்பும் கலந்த தொகுப்பில், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ‘ஞான்’ கணினிக்கு இரண்டு வெவ்வேறு சொற்கள். அவன், அவள், அவர் எல்லாவற்றுக்கும் மலையாளத்தில் இதே கதி. ஆண் பெண் ஒப்பீட்டில் முதலில் எண்ணுவது இந்தச் சொற்களைத்தான்.

நாம், நாங்கள்

இழப்பு மட்டும் இல்லை, வரவும் உண்டு. ஆங்கிலத்தில் ‘வீ’ என்று ஒரே சொல். கேட்கிறவரைச் சேர்த்தா, தள்ளியா என்று அதிலிருந்து தெரியாது. தமிழில் நாம், நாங்கள். மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள். தெலுங்கில் மனம், மேமு. ‘நாங்கள் வீடு கட்டிக்கொடுத்தோம்’ என்பவர் கேட்பவரை எதிரே நிறுத்துகிறார். ‘நாம் கட்டிக்கொள்வோம்’ என்பவர் பக்கத்தில் நிறுத்துகிறார். ஆங்கிலத்தில் நடந்த எத்தனையோ ஆய்வுகளுக்குக் கிடைக்காத தகவல் இது, நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. (ஒரு சிக்கல்: இரண்டுக்கும் வினை விகுதி ஒரே ‘ஓம்’. சுட்டுப்பெயரைச் சொல்லாவிட்டால் எந்த ‘நாம்’ என்று தெரியாது.)

உடனே ‘நாங்கள் அதிகம் வந்தால் அதிகாரப் பாணி, நாம் அதிகம் வந்தால் அரவணைப்புப் பாணி’ என்று ஒரு விதி எழுதத் தோன்றும். அதற்கு மூணாறு 2015 பதில் வைத்திருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் கண்ணன் தேவன் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள் 20 விழுக்காடு போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்காமல், ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய முழக்கங்களின் முதுகெலும்பே நாங்கள்–நீங்கள் எதிர்நிலைதான்: உழைப்பது நாங்கள், கொள்ளை கொண்டுபோவது நீங்கள் என்ற போக்கில். வரிக்கு வரி ‘நாங்கள்’. மேலே சொன்ன விதிப்படி, கொழுந்து கிள்ளும் பெண்களும் ஆட்சியில் இருக்கும் அமைச்சரும் ஒரே பாணிக்காரர்கள் ஆவார்கள்! சொல் ஒன்றுதான். எங்கே நின்று சொல்கிறார் என்பது கோப்பில் இல்லை.

லயம் என்றால் இசையா?

உணர்ச்சியை அளப்பது பெரும்பாலும் பட்டியல் வேலை. இந்தச் சொற்கள் மகிழ்ச்சி, இந்தச் சொற்கள் கோபம், இவை துயரம் என்று முன்கூட்டியே அடுக்கி வைத்திருப்பார்கள். பேச்சில் எது எத்தனை என்று பார்ப்பார்கள். பட்டியல் பலசமயம் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தது. எல்லைத் தமிழில் அது எப்படி உடைகிறது என்பதற்குச் சில உதாரணங்கள் போதும்.

‘கண்ணீர்’ துயரப் பட்டியலில் இருக்கும். ‘கண்ணீர்ப் புகை வீசினார்கள்’ என்று ஒரு தலைவி சொன்னால் அவர் துயரத்தில் பேசியதாகக் கணக்கு. ‘போராட்டம்’ எதிர்மறைச் சொல். தோட்டத்துக் கூட்டத்தில் அதைவிடப் பெருமையான சொல் கிடையாது. ‘லயம்’ மூணாறில் தொழிலாளர் குடியிருப்பு வரிசை. மழையில் ஒழுகும் கூரை, ஒற்றை அறை. பொதுத் தமிழில் பழகிய நிரலுக்கு அது இசை. லயத்தைப் பற்றிக் கொதித்துப் பேசும் பெண்ணின் பேச்சு கலை ரசனையில் சேர்ந்துவிடக்கூடும். போதாக்குறைக்கு, ‘சித்தூர்’ என்று வந்தால் பாலக்காட்டுச் சித்தூரா ஆந்திரச் சித்தூரா என்றும் அதற்குத் தெரியாது.

பேசும் பொருளா, பேசும் ஆளா?

இப்போது மிகப் பெரிய சிக்கல். கேரள அமைச்சரவையில் 2016 முதல் 2021 வரை சுகாதாரத் துறை கே.கே. சைலஜாவிடம் இருந்தது. அதற்குப் பிறகு வீணா ஜார்ஜிடம் வந்தது. இந்த ஆண்டுகளின் அமைச்சர்கள் பேச்சை மட்டும் எடுத்து எண்ணினால் நோய், மருத்துவமனை, தாய், குழந்தை எல்லாம் ‘பெண் சொற்கள்’ ஆகும். 1957க்குப் போங்கள். முதல் கேரள அமைச்சரவையில் வருவாய்த் துறை கே.ஆர். கௌரியிடம். நிலச் சீர்திருத்த மசோதாவை அவையில் வைத்தவர் அவர்தான். அந்த ஆண்டை எண்ணினால் நிலம், குத்தகை, குடியான், உச்சவரம்பு ‘பெண் சொற்கள்’. பெண்கள் மாறிவிடவில்லை, இலாகா மாறியது.

ஆகவே நல்ல ஆய்வாளர்கள் பொருளைச் சமன்செய்வார்கள். ஒரே மசோதா, ஒரே மானியக் கோரிக்கை, ஒரே கூட்டம் என்று எடுத்துக்கொண்டு அதற்குள் ஆண் பெண் பேச்சை ஒப்பிடுவார்கள். இது சரியான வழி. ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது என்பது என் கருத்து. பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துத் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடும் கேரளமும் செய்த பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழை ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும். அமைச்சரும் சட்டமன்ற உறுப்பினரும் பேசும்போது அலகு டி.எம்.சி. அதே வட்டத்தில் பிலாச்சிமடையில் கோக்கோகோலா ஆலைக்கு எதிராக 2002இல் தொடங்கிய போராட்டத்தின் முகமாக நின்றவர் மயிலம்மா என்ற பழங்குடிப் பெண். கிணறு கெட்ட ஊரில் அலகு குடம். தண்ணீர் என்ற பொருளைச் சமன்செய்தாலும் டி.எம்.சி.யும் குடமும் தனித்தனியாக நிற்கும். அது ஆண் பெண் இயல்பா, பதவியா? பதவிதான். ஆனால் அந்தப் பதவி யாருக்குக் கிடைத்தது, அந்தக் குடத்தை யார் சுமந்தது என்று கேட்டால் மறுபடி ஆண் பெண்ணில் வந்து நிற்கும். பொருளையும் பதவியையும் முழுக்கக் கழித்துவிட்டு ‘வேறுபாடே இல்லை’ என்று சொல்கிற ஆய்வு, கண்டுபிடிக்க வேண்டியதையே கழித்துவிட்டிருக்கலாம்.

பதினொரு பேர்

2021 தேர்தலில் கேரளச் சட்டமன்றத்தின் 140 இடங்களில் பெண்கள் வென்றது 11. அந்த 11 பேரில் ஓர் அமைச்சர் மட்டும் மொத்தப் பெண் பேச்சில் பாதியைப் பேசியிருந்தால், ‘பெண்களின் பாணி’ என்று படத்தில் வருவது ஏறக்குறைய பாதி அவருடைய பழக்கச் சொற்கள். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் எல்லாப் பேச்சையும் ஒரே மூட்டையில் கட்டுகிற ஆய்வுகளில் இதுதான் நடக்கும்.

உள்ளாட்சியில் நிலைமை வேறு. கேரளத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. ஒரே பதவி, ஒரே அளவு அதிகாரம், ஏறக்குறைய சம எண்ணிக்கை. ஒப்பிடுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் பஞ்சாயத்தில் பேச்சு பதிவாவதில்லை, தீர்மானம்தான் பதிவாகிறது. ‘விவாதிக்கப்பட்டு ஒருமனதாக ஏற்கப்பட்டது’ என்ற வரியில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது?

எண்ணத் தகுந்தது எது?

எல்லையின் இந்தப் பக்கம், தமிழ்நாட்டிலேயே, நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகிய மூவரும் தமிழ்நாட்டுக் கிராம சபைகளில் நடந்த பேச்சை முழுவதும் எழுத்தாக்கி, கணினி கொண்டு ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். பெண்கள் மென்மையாகப் பேசினார்களா, கோபமாகப் பேசினார்களா என்று அவர்கள் தேடவில்லை. அவர்கள் கேட்டவை இவை:

1. யார் பேசினார்கள்?

2. ஒரு பெண் ஒரு விஷயத்தை எடுத்தால், அடுத்துப் பேசுகிறவர்கள் அதே விஷயத்தைத் தொடர்கிறார்களா, வேறு பக்கம் தாவுகிறார்களா?

3. அதிகாரியின் பதில் கேட்ட கேள்விக்குப் பொருந்துகிறதா?

மூன்றிலும் பெண்கள் பின்தங்கியிருந்தார்கள். தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் பெண்களின் கேள்விக்குப் பதில் கிடைப்பது மேம்பட்டது. கவனியுங்கள், இதில் உணர்ச்சிப் பட்டியலே தேவைப்படவில்லை. ‘தண்ணீர்’ என்று கேட்டவருக்குப் பதிலில் ‘தண்ணீர்’ வந்ததா ‘சுடுகாட்டுப் பாதை’ வந்ததா என்று பார்க்கிற வேலையைக் கணினி ஓரளவு நன்றாகவே செய்யும். ஆளின் குணத்தை ஊகிப்பதில்தான் அது தடுமாறுகிறது. கேரளத் தமிழ்ப் பகுதிகளில் இதைச் செய்வதானால் மொழிக்கு ஒரு தனி நெடுவரிசை கட்டாயம் வேண்டும்: கேள்வி தமிழில் வந்ததா, பதில் மலையாளத்தில் போனதா?

ஆண்கள் பெண்களைக் குறிக்கும் முறையையும் எண்ணலாம். ‘சொன்னார்’ என்றா ‘சொன்னாள்’ என்றா, பெயர் சொல்லியா ‘அந்தம்மா’ என்றா. தமிழில் வினை விகுதியே மரியாதையைக் காட்டிக்கொடுத்துவிடும். மலையாளத்தில் காட்டாது, அங்கே பெயரோடு ஒட்டும் ‘சேச்சி’ (அக்கா), ‘டீச்சர்’ போன்றவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

கோப்பில் ஏறாதவை

அவைக்குறிப்பு என்பது பேச்சின் நகல் இல்லை, செப்பனிட்ட வடிவம். குறுக்கீடு, சிரிப்பு, பாதியில் விழுங்கிய வாக்கியம் எல்லாம் தேய்ந்துவிடும். அதே சமயம் சில இடங்களில் ஒரு சொல்லும் பிசகக் கூடாது. 2021இல் தேவிகுளம் உறுப்பினர் ஏ. ராஜா தமிழில் எடுத்த பதவிப் பிரமாணத்தில் ‘கடவுள் பெயரால்’ என்பதோ ‘உளமார’ என்பதோ இல்லாமல் போனது. மொழிபெயர்த்துக் கொடுத்த வாசகத்திலேயே வந்த பிழை. அவர் ஜூனில் மறுபடி பிரமாணம் எடுக்க வேண்டியிருந்தது. எண்ணிக்கைக் கணக்கில் கண்ணுக்கே தெரியாத ஒரு சொல்தான் அது.

அதே தேவிகுளத்திலிருந்து 1957இல் முதல் சட்டமன்றத்துக்குப் போனவர் ரோசம்மா புன்னூஸ் என்ற பெண். அந்த அவையில் முதலில் பிரமாணம் எடுத்தவரும் அவரே. அந்தத் தேர்தல் செல்லாது என்று ஆகி, 1958 இடைத்தேர்தலில் மறுபடி வென்றார். அப்போது அவருக்காகத் தோட்டம் தோட்டமாகப் பாடியவர் இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன். ஒரு பெண் வேட்பாளரின் செய்தி ஓர் ஆணின் குரலில், பாட்டாக, தமிழில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ‘ஆண் பேச்சு, பெண் பேச்சு’ என்ற இரண்டு கோப்புகளில் அதை எதில் போடுவது?

2015இல் மூணாற்றுச் சாலையில் பெண்கள் பேசியதும் பெரும்பாலும் தமிழ்தான். மலையாள நாளிதழ்களில் அது மலையாளமாக வந்தது, ஆங்கில இதழ்களில் ஆங்கிலமாக வந்தது. நாங்கள், நாம் வேறுபாடு ஆங்கிலம் வழியாகத் திரும்பி வரும்போது கரைந்தே வரும். அந்தப் பெண்கள் அமைத்த அமைப்பின் பெயரை எடுத்துக்கொண்டால்கூட, பொம்பளை ஒருமை, பொம்பிளை ஒருமை, பெம்பிளை ஒருமை, பெண்பிள்ளை ஒருமை என்று நான்கு விதமாக எழுதலாம். நிரலில் ஒன்றை மட்டும் கொடுத்தால் மற்ற மூன்றும் எண்ணிக்கையில் வராது.